ராசாவுக்கு மீசை பழக்கினேன்

விரால் வளர்க்கிற தொட்டிக்கு மூடி கனமாக இருக்க வேண்டும், சார். உங்களுக்கும் அப்படி ஒரு எண்ணம் இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்குகிற மீன் அது. கொஞ்சம் இடைவெளி கிடைத்தால் துள்ளி வெளியே வந்துவிடும். என் ராசாவின் மூடிமேல் இரண்டு பெயின்ட் டப்பாக்களை வைத்திருப்பேன். பெயின்ட் கடைக்காரன் வீட்டில் டப்பாவுக்கா பஞ்சம்.

அவனை மீன் மார்க்கெட்டில், வெட்டுகிற பலகைக்குப் பக்கத்து வாளியிலிருந்து விரல் நீளக் குட்டியாகத் தூக்கி வந்தேன். இப்போது என் கை நீளம் இருக்கிறான். பாதி ஹால் அவனுக்குத்தான். நான் வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணாடியோரம் வந்து நிற்பான். பசிக்குத்தான் வருகிறான் என்பாள் என் மனைவி. பொறாமை, வேறென்ன.

அவளுடைய தம்பி இரண்டு நாள் தங்கலாம் என்று வந்து, சோபாவோடு ஒட்டிக்கொண்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. மீசையைச் சீவ என் சீப்பை எடுத்தார், அதையும் விட்டுவிட்டேன். நான் விட்டுக்கொடுத்துப் போகிறவன்.

ஒரு நாள் அவர் தொட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "மாமா, அடுத்த ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. இதை வறுத்துட்டா எல்லாருக்கும் தாராளமாப் போதும். தொட்டி இருந்த இடத்துல நாற்காலி போடலாம்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் மசாலா டப்பாவைத் திறந்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் என் தம்பிங்க. அவனுக்கு நல்லது நடக்க வேண்டாமா?" என்றாள்.

"அப்ப ராசா யாரு?"

"மீனுங்க."

நான் குரலை உயர்த்தவில்லை. கடையிலிருந்து கறுப்பு மயிர் வைத்த பிரஷ் ஒன்று எடுத்து வந்தேன். மச்சினர் மீசையும் அதே அகலம், அதே அடர்த்தி. அதற்குள் இறால் துண்டைச் செருகித் தண்ணீருக்கு மேலே பிடித்தேன். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் கவ்வினான். வாரக் கடைசியில், இறாலே இல்லாத வெறும் பிரஷ்ஷைக் கண்டாலும் ஒரு முழம் எழும்பினான். கெட்டிக்காரப் பிள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெறும் வயிறு என்றால் இன்னும் உற்சாகமாக எழும்புவான் என்பதால் சனிக்கிழமை அவனுக்குத் தீனி போடவில்லை. பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்குமா. நானும் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை மச்சினர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, வலையும் கையுமாக வந்தார். டப்பாக்களை நானே இறக்கி வைத்தேன்.

"நல்லாக் குனிஞ்சு பாரு மாப்ளே, மூலையில இருப்பான்," என்றேன். கேட்காமலே உதவுகிற சுபாவம் எனக்கு.

மற்றது மச்சினர் உங்களிடம் கொடுத்த புகாரில் இருக்கிறது. பெண்வீட்டார் காலிங் பெல் அடித்தபோது மச்சினர் ஹாலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். ராசா மீசையில் தொங்கிக்கொண்டிருந்தான். திட்டம் முழுக்க என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சொல்லிக்கொடுத்தது மீசை மட்டும். உதடு அவனுடைய சொந்த முடிவு.

அக்காவும் தம்பியும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது; எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. மீனைக் கொடுத்துவிட்டால் மகளைத் திருப்பி அனுப்புவதாக மாமனார் சொல்கிறார். நாளை சமாதானம் பேச வருகிறாராம். தங்கமான மனிதர். தடித்த கறுப்பு பிரேம் கண்ணாடி போட்டிருப்பார்.

எனக்கு யார் மேலும் பகை இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து எங்கே என்று சொன்னால் போட்டுவிட்டுக் கிளம்புவேன், சார். என் பழைய கண்ணாடியில் இறாலைக் கட்டி, அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.