மெத்தைக் கிடங்கில் இரண்டு பதிவுகள்

என் பெயர், தந்தை பெயர், விலாசம் ஆகியவை இத்துடன் உள்ள முதல் தாளில் இருக்கின்றன. வயது முப்பத்தாறு. அலுவலகத்தில் என்னைச் ‘சர்வர்’ என்று கூப்பிடுவார்கள். ஓட்டலில் வேலையா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, இல்லை, காவலாட்களை வாடகைக்கு அனுப்பும் நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவன் என்று சொன்னேன். என் அக்காள் கணவர் (இனி மாமா) மெத்தைக் கிடங்கில் அடிபட்டு இறந்தபோது வேலையில் இருந்தாரா, அத்துமீறி நுழைந்தவரா என்று கேட்கப்பட்டதன் பேரில் பின்வருமாறு சொல்கிறேன்.

ஆள் வேண்டுவோர் எங்கள் இணையதளத்தில் விலாசத்தையும் நாளையும் பதிவார்கள். பதிந்ததும் காவலாட்களின் கைபேசிக்கு உத்தரவு போகும். மாமாவும் அந்தக் காவலாட்களில் ஒருவர். இந்தப் பதிவுகளையெல்லாம் வைத்திருக்கும் தரவுத்தள மென்பொருள் பழையதாகி, அதைத் தயாரித்தவர்களே கைகழுவிவிட்டபடியால், புதிய பதிப்புக்கு மாற்றும்படி முதலாளி சொன்னார். அதுவரை இணையதளத்தை மூடிவைக்கலாமா என்று கேட்டேன். “கடைய மூடாமலே வெள்ளையடிப்பா. கஸ்டமர் மேல ஒரு சொட்டு தெறிக்கக் கூடாது” என்றார்.

பழைய மென்பொருளில் ஒரு விதி இருந்தது. ஒரே விலாசத்துக்கு ஒரே நாளில் இரண்டு வாடிக்கையாளர்கள் ஆள் கேட்டால், இரண்டாவது பதிவை அது ஏற்காது. ஏன் இப்படி ஒரு விதி என்று காவல் நிலையத்தில் விளக்க வேண்டியதில்லை. விவரங்களைப் புதிய பதிப்பில் ஏற்றும்போது விதிகளை அணைத்துவைத்து, ஏற்றி முடிந்தபின் திரும்பப் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துக்கொண்டு வேலை நகராது. சம்பவத்தன்று காலையில் நானும் அணைத்தேன். அந்த இடைவெளியில், கிடங்கில் வாடகைக்கு இருந்த மெத்தை வியாபாரியை வெளியேற்ற நான்கு ஆட்கள் வேண்டும் என்று கிடங்கின் சொந்தக்காரரும், வெளியேறாமலிருக்க நான்கு ஆட்கள் வேண்டும் என்று வியாபாரியும் பதிந்துவிட்டார்கள்.

அதன் பிறகு விதியைத் திரும்பப் போட்டபோது, இரண்டு பதிவுகள் மோதுவதாகக் காட்டி மென்பொருள் மறுத்தது. எதை நீக்குவது என்று முதலாளியிடம் கேட்டேன். “ரெண்டு பேரும் நம்ம கஸ்டமருப்பா. எப்படியும் ஒரு பக்கம் ஓஞ்சிரும். அப்புறம் போட்டுக்க” என்றார். பட்டியலில் மாமாவின் எண்ணைப் பார்த்துவிட்டு, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வாடகைக் காரில் கிடங்குக்குப் போனேன்.

மாமாவும், மொட்டை என்று அழைக்கப்படும் காவலாளியும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதாக வாசலில் இருந்தவர்கள் சொன்னார்கள். யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று கைபேசியைப் பார்த்த பிறகுதான், மாமா சொந்தக்காரர் பக்கம், மொட்டை வியாபாரி பக்கம் என்று தெரிந்ததாம். நான் உள்ளே போனபோது இருவரும் பிளாஸ்டிக் சுற்றிய மெத்தைகளுக்கு நடுவே தடியோடு நின்றார்கள். தொடக்கத்தில் பார்த்துப் பார்த்துத்தான் அடித்தார்கள்.

“தோள்ல போடவா அண்ணே?”

“இடது தோள் வேணாண்டா, ஏற்கெனவே வலி.”

“அப்ப மெத்தையில போடுறேன், நீ கத்து.”

மாமா கத்தினார். மெத்தை அடுக்கின் மேல் ஏறி நின்ற வியாபாரி, “டேய், நாடகம் போடவா கூப்பிட்டேன்? ஒரு ஸ்டார் கூடக் கிடையாது, பாத்துக்க” என்றார். இணையதளத்தில் வாடிக்கையாளர் தரும் நட்சத்திரம் குறைந்தால் அந்த ஆளுக்கு அடுத்த உத்தரவு வராது. அதன் பிறகு மொட்டை கொஞ்சம் பலமாக வீசியதில் மாமாவின் காது கிழிந்தது. மாமா திருப்பி அடித்ததில் மொட்டையின் முன்பற்கள் இரண்டு விழுந்தன. ஒன்று பிளாஸ்டிக் உறையின் மேல் சறுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அதன் பிறகு எங்கே அடிப்பது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மற்ற ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவரின் விரல்கள் தள்ளுவண்டிக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கின. கிழிந்த மெத்தைகளிலிருந்து பஞ்சு பறந்து, ரத்தம் இருந்த இடங்களில் ஒட்டிக்கொண்டது.

மாமாவின் சட்டை தோளில் ரத்தத்தால் நனைந்திருப்பதைப் பார்த்து, மடிக்கணினியைத் திறந்து சொந்தக்காரரின் பதிவை நீக்கினேன். மாமா அந்தப் பக்கம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டையும் நீக்கியிருக்கலாமே என்று ஆய்வாளர் கேட்டார். நீக்கியிருக்கலாம். விதியைப் போடுவதற்கு ஒன்று போதும் என்பதால் எனக்கு அது தோன்றவில்லை.

நீக்கியதும் அந்தப் பக்கத்து நால்வரின் கைபேசியிலும் வேலை முடிந்த மணி அடித்தது. மணி அடித்த பிறகு கை ஓங்கினால் அது சொந்தச் சண்டை, நிறுவனம் பொறுப்பல்ல என்று சேரும்போதே சொல்லிவைப்போம். நால்வரும் தடிகளைக் கீழே போட்டார்கள். மாமா, “எனக்கு முடிஞ்சிருச்சுடா” என்றார். மொட்டை தன் கைபேசியை எடுத்துப் பார்த்தார். “எனக்கு முடியலையே அண்ணே” என்று சொல்லிவிட்டு, மாமாவின் தலையில் அடித்தார். மாமா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. இரண்டாவது அடி நெற்றியில் விழுந்தது. அதன் பிறகு மாமா என் பக்கம் திரும்பி, “மாப்ளே, நீ எப்ப வந்த?” என்று கேட்டார். மூன்றாவது அடியில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

விதி பிழையின்றி ஏறிவிட்டது. மேம்படுத்தல் வெற்றி என்ற செய்தி முதலாளிக்குத் தானாகப் போனது. “சபாஷ்” என்று பதில் வந்தது. வியாபாரி ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்.

அடி விழுந்த நேரத்தில் மாமாவுக்கு வேலை இல்லை, ஆகவே அவர் அத்துமீறி நுழைந்தவர் என்று நிறுவனம் அக்காளிடம் சொல்லியிருக்கிறது. மென்பொருள் மாற்றத்தில் பதிவு தானாக அழிந்துவிட்டது என்று என்னையும் சொல்லச் சொன்னார்கள். அது தானாக எதையும் அழிப்பதில்லை. மாமா வேலையை விட்டுவிடவுமில்லை. அவருக்கு மணி அடித்தவன் நான். இதை இன்னும் அக்காளிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிய இவை முழுவதும் எனக்குப் படித்துக்காட்டப்பட்டன. எல்லாம் நடந்தவையே, யாரும் என்னை வற்புறுத்தவில்லை. தாளின் தலைப்பில் என்னைச் சாட்சி என்று போட்டிருப்பது சரியா என்று கேட்டேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கையெழுத்துப் போடு என்று ஆய்வாளர் சொன்னதன் பேரில் கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)