பாலம் தாண்டினால் பஸ்

ஜமீலா: ...இல்ல மச்சான். இன்னைக்கும் நீங்க செய்யுத கேம விளையாடிப் பாத்தேன், அந்த ஆளு பாலத்துலேருந்து ஆத்துல விழுந்துட்டான்.

மைதீன்: விழுந்துட்டானா?

ஜமீலா: ஆமா. பெட்டியும் கையுமா. தொபுக்கடீர்னு.

மைதீன்: நேத்துதானே அதுல கை வச்சேன்...

ஜமீலா: நீங்க கை வச்சத நான் என்னத்தக் கண்டேன்? விழுதான், சொல்லுதேன்.

மைதீன்: ம்... டீ இருக்கா?

ஜமீலா: பிளாஸ்க்ல இருக்கு. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு, கொஞ்சம் படுங்களேன்.

மைதீன்: படுத்தா எந்திக்க மாட்டேன். கேமு முடியணும்லா. முடிஞ்ச அன்னைக்கே துபாய்க்கு டிக்கெட் போடுங்கன்னு ஹசன் அலிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

ஜமீலா: அந்த ஏஜெண்டுக்கு வேற வேலை கெடையாதா? காலையிலயும் போன் பண்ணுனாரு.

மைதீன்: என்ன சொன்ன?

ஜமீலா: உள்ளதச் சொன்னேன். கேம்ல இன்னும் குத்தம் இருக்கு, செஞ்சு முடியல்லன்னு.

மைதீன்: சிரிச்சிருப்பாரே.

ஜமீலா: சிரிக்காம? வாப்பா காலத்து கம்ப்யூட்டர டிவில மாட்டி, கேசட்டப் போட்டு கேம் செய்யுதாரே, போன்ல இல்லாத கேமான்னு கேக்காரு.

மைதீன்: போன்ல எடம் கொள்ளை கொள்ளையா கெடக்கு, என்ன வேணா அடைக்கலாம். இதுல ஒரு போட்டோகூட கொள்ளாது. அதுக்குள்ள ஆறு, பாறை, ஆளு, பஸ்ஸுன்னு எல்லாத்தையும் நானே எழுதி அடைக்கணும்... ஒண்ண வைக்கணும்னா ஒண்ண எடுக்கணும்.

ஜமீலா: கேசட்டு போடுற சத்தம் வேற. கீய்ய்ங்னு... மிக்சி கெட்டுப்போச்சான்னு பக்கத்து வீட்டு லாத்தா கேக்கா.

மைதீன்: அந்தச் சத்தத்துலதான் மொத்த கேமும் இருக்கு... இன்னைக்குக் கேட்டியா அத?

ஜமீலா: கேக்காம எப்படி விளையாடுவேன்?

மைதீன்: விளையாடுன... பாலத்துக்கு வந்த... விழுந்த.

ஜமீலா: ஆமாங்கேன்லா.

மைதீன்: ஏளா ஜமீலா...

ஜமீலா: என்ன?

மைதீன்: கேம்ல இப்போ பாலமே கெடையாது.

ஜமீலா: கெடையாதுன்னா?

மைதீன்: நேத்து அசர் தொழுகைக்கப்புறம் எடுத்துட்டேன். பஸ்ஸுக்கு எடம் வேணும்லா. இப்போ பாறை மேல குதிச்சுக் குதிச்சுத்தான் ஆத்தத் தாண்டணும்.

ஜமீலா: ...டீ ஆறுது.

மைதீன்: ஆறட்டும். நீ கேசட்டே போடல. அப்படித்தானே?

ஜமீலா: போடல.

மைதீன்: முந்தாநாளு பட்டன் ஒட்டுதுன்ன... அதுக்கு முன்ன படித்துறையில ஆளு காணாமப் போறான்ன...

ஜமீலா: எல்லாம் பொய்தான். போதுமா? குத்தம் தீந்துட்டா நீங்க போயிருவிய. நம்ம மவ தஸ்மியா பொறந்தப்போ துபாய்க்குப் போனிய. இப்போ அவளுக்கே மாப்ள பாக்கோம். ஒரு வருசம் முழுசா வீட்ல இருந்திருக்கியளா? ஏர்போர்ட்டுல நின்னு கை காட்டிக் காட்டி எனக்கு அலுத்துப்போச்சு மச்சான்.

மைதீன்: எனக்கு மட்டும்...?

ஜமீலா: அப்போ போகாதீய.

மைதீன்: கேமு முடிஞ்சா வாறேன்னு ஹசன் அலிட்ட வாக்கு குடுத்துட்டேனே.

ஜமீலா: சரி. போடுங்க கேசட்ட. உங்க முன்னாலயே விளையாடுதேன். ஆத்தத் தாண்டி அவன் பஸ் ஏறிட்டான்னா, நானே உங்க பெட்டியக் கட்டித் தாறேன்.

மைதீன்: வேண்டாம். நாளைக்குப் பாப்போம்.

ஜமீலா: போடுங்கன்னா!

மைதீன்: ...சரி. பைய. மொதப் பாறை வழுக்கும்.

ஜமீலா: தெரியுது... குதி... இன்னும் ஒண்ணு... அல்லாவே! தாண்டிட்டான் மச்சான். கரைக்கு வந்துட்டான்.

மைதீன்: ம்.

ஜமீலா: பஸ் ஸ்டாண்டுல நிக்கான். பெட்டியக் கீழ வச்சுட்டான்.

மைதீன்: ம்.

ஜமீலா: எம்புட்டு நேரம் நிக்கது? இதுவும் குத்தமா? இப்போ பொய் சொல்லல்ல, நீங்களே பாருங்க... எங்க மச்சான் அந்த பஸ்ஸு?

மைதீன்: பஸ்ஸ நான் எழுதவே இல்ல, ஜமீலா.