காத்திருப்போரில் ஒரு முகவரி

கேட்காமல் வரும் மெயில் எனக்கே பிடிக்காது ஐயா. காலையில் கணினியைத் திறந்ததும் தள்ளுபடி, பரிசு என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதியதெல்லாம் குவிந்து கிடந்தால் எரிச்சல்தான் வரும். அதனால்தான் அந்த வேலையை நான் அவ்வளவு ஒழுங்காகப் பார்த்தேன்.

எங்கள் கம்பெனி கேஸில் ஓடும் வெந்நீர் ஹீட்டர் செய்கிறது. வாங்கியவர்களில் சம்மதம் சொன்னவர்களுக்கு மாதம் ஒரு மெயில் போகும். குழாயில் உப்புப் படியாமல் பார்த்துக்கொள்வது எப்படி, குளியலறை ஜன்னலை ஏன் திறந்து வைக்க வேண்டும் என்பது மாதிரியான சின்னக் குறிப்புகள். எழுதுவதும் நான், அனுப்புவதும் நான். யாராவது விலகுகிறேன் என்று அழுத்தினால் உடனே எடுத்துவிடுவேன், ஏன் என்று நச்சரிக்க மாட்டேன். திரும்ப வர விரும்பினால் அவர் முகவரியைக் 'காத்திருப்போர்' பகுதிக்கு மாற்றி, உறுதி செய்யச் சொல்லி ஒரு லிங்க் அனுப்புவேன். அதை அவரே அழுத்தினால்தான் சேர்ப்பேன். "பொண்ணு கேட்டுப் போறவங்ககூட இவ்ளோ சம்மதம் கேக்க மாட்டாங்க சார்" என்று மேலாளர் கிண்டல் செய்வார்.

அண்ணனுக்கு எங்கள் புது மாடல் ஹீட்டர் வாங்கிக் கொடுத்தது நான்தான். பட்டியலில் சேர்த்ததும் அவன் கேட்டுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வீடு நிறைய உறவுக்காரர்கள். சாப்பாட்டு மேசையில் போனை எடுத்து என் மெயிலைச் செய்தி வாசிப்பவர் குரலில் படித்தான். "அன்பு வாடிக்கையாளரே, உங்கள் குழாய் நலமா?" சிரிப்பில் மாமாவுக்குப் புரையேறிவிட்டது. "இத எழுதத்தான் இவனுக்குச் சம்பளம் குடுக்கறாங்க" என்றான். எல்லோர் முன்னாலும் விலகும் பொத்தானை அழுத்தி, போனைத் திருப்பிக் காட்டினான். அண்ணி மட்டும்தான், "போதும் விடுங்க, பாவம்" என்றார். எனக்கு வருத்தம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் சொந்த வருத்தத்தை நான் வேலையில் கொண்டுவருவதில்லை.

கொஞ்ச நாள் கழித்து அண்ணி போனில் கூப்பிட்டார்.

"தம்பி, அவரத் திரும்பச் சேத்துடுங்க. எனக்குன்னு தனியா மெயில் ஏது? அவரோடதுல பாத்துத்தான் உங்க குறிப்பெல்லாம் படிச்சிட்டிருந்தேன்."

"சரி அண்ணி" என்றேன். அன்றைக்கே முகவரியை விலகியோர் பகுதியிலிருந்து எடுத்துக் காத்திருப்போரில் போட்டேன்.

அதற்கப்புறம்தான் புகைக்குழாய் விவகாரம் வந்தது. பொறியாளர் நேராக என் மேசைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. புது மாடலில் புகை வெளியே போகும் குழாயின் இணைப்பு கழன்றுகொள்கிறதாம். விஷவாயு குளியலறைக்குள்ளேயே தங்கிவிடும், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. "இன்னைக்கே எல்லாருக்கும் போயாகணும் சார். விலகினவங்கன்னெல்லாம் பாக்காதீங்க, இது உயிர் விஷயம்" என்றார்.

சந்தாதாரர்கள் எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். ஹீட்டரை உடனே நிறுத்துங்கள் என்று தலைப்பிலேயே போட்டேன். விலகியவர்கள் நம் மெயிலைத் திறக்க மாட்டார்கள் என்று, அவர்கள் எண்களைத் தொலைபேசிப் பிரிவுக்குக் கொடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொன்னேன். அது என் யோசனைதான், விசாரித்துப் பாருங்கள். மாலைக்குள் நன்றி சொல்லிப் பதில்கள் வந்தன. குழந்தையைக் குளிப்பாட்டத் தூக்கிக்கொண்டு போகும்போது பார்த்தேன் என்று ஒரு தாய் எழுதியிருந்தார். படித்ததும் எனக்குக் கண் கலங்கியது.

காத்திருப்போர் பகுதியில் ஒரே ஒரு முகவரி இருந்தது. பார்த்தேன். அவன் சந்தாதாரரும் இல்லை, விலகியவரும் இல்லை. லிங்கை அழுத்தாதவனை நான் எதில் சேர்ப்பது? கணினியை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

குளியலறைக் கதவை உடைத்து அண்ணியைத் தூக்கியது அண்ணன்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் போயிருந்தது. எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எல்லாருக்கும் அனுப்பினியாமேடா. எனக்கு ஏன்டா வரல?"

"நீ லிங்க்க அழுத்தலண்ணா" என்றேன்.

அவன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான். குப்பைக்குப் போனதை, அழித்ததை எல்லாம் திறந்து பார்த்தான். இப்போதும் சில நாள் உட்கார்ந்து தேடுகிறானாம், மாமா சொன்னார்.

அந்த லிங்கை எப்போது அனுப்பினேன் என்று கேட்கிறீர்கள். என் கணினி உங்கள் மேசையில்தான் இருக்கிறது, பார்க்காமலா கேட்பீர்கள். அனுப்பவில்லை ஐயா. அண்ணி சொன்ன அன்றைக்கும் அனுப்பவில்லை, அப்புறமும் அனுப்பவில்லை. பொத்தானை அழுத்தியது அவன், அவனே வந்து கேட்கட்டும் என்று வைத்திருந்தேன்.

இன்னொன்றும் உண்டு, அது கணினியில் இருக்காது. எச்சரிக்கை மெயில் போன பிறகு, அண்ணி இறப்பதற்கு முந்தின நாள், நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். வெளியே நல்ல குளிர். "கை கழுவ வெந்நீர் போடட்டுமா தம்பி?" என்று அண்ணி கேட்டார். பச்சைத் தண்ணீரே போதும் என்றேன். சாப்பிட உட்கார்ந்ததும், "அண்ணி, அந்த ஹீட்டர்..." என்று பேச்செடுத்தேன். எடுத்தேன், அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"ஆரம்பிச்சிட்டான்யா, மாச மெயில" என்று அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

அண்ணி கையில் கரண்டியோடு என் பக்கம் திரும்பி, "அவரு கெடக்கறாரு, நீங்க சொல்லுங்க தம்பி" என்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்தேன்.

அண்ணி கேட்கத் தயாராகத்தான் இருந்தார் ஐயா. ஆனால் முகவரி அண்ணனுடையது.