வர்றேன்

"'வர்றேன்'னு சொன்னதுதான்டி நான் செஞ்ச தப்பு."

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த கல்லூரிப் பெண் தன் தோழியிடம் சொன்னாள். குழந்தைகள் இல்லமொன்றில் ஒரு மாதப் பயிற்சியை முடித்தவள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"கெளம்பும்போது எல்லாரும் சொல்றதுதானே. 'போறேன்'னா சொல்லுவாங்க?"

"ஆறு வயசுப் பாப்பாடி. நெஜம்னு நெனச்சுக்கிச்சு. வளக்கறதுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு குடும்பம் வந்தாங்க. நல்ல ஜனங்க. 'அக்கா வர்றேன்னாங்க, நான் வரமாட்டேன்'னு கேட்டைப் புடிச்சுக்கிச்சாம். வார்டன் எனக்குப் போன் பண்ணாங்க."

பள்ளிகொண்டாவில் ஷூ கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேர் இறங்கினார்கள்.

"நீ இன்னா பண்ணே?"

"நேத்து போனேன். 'இனிமே வரமாட்டேன், நீ அவங்களோட போ'ன்னு சொல்லத்தான் போனேன். என்னப் பாத்ததும் வார்டன்கிட்ட ஓடுது. 'நான் சொன்னேன்ல, வந்துட்டாங்க'ன்னு."

"அப்புறம் சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கிச்சு. நாளைக்கு அவங்க மறுபடி வர்றாங்க."

மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வாசல்ல செருப்பு மாட்டும்போது, பழக்கதோஷம்டி, 'வர்றேன் பாப்பா'ன்னு வாய்ல வந்துடுச்சு."

"அது இன்னா சொல்லிச்சு?"

"'சரிக்கா'ன்னுச்சு."