உம்மாவுக்கு ஓத வேண்டிய பங்கு

"உம்மா உன்னையா பெத்தா, பள்ளி லெவ்வையையா பெத்தா?"

அக்கரைப்பற்றில் வேலை கிடைக்காமல் நான் கல்முனைக்குத் திரும்பிய பஸ்ஸில், முன் இருக்கைப் பெண் தன் தம்பியைக் கேட்டாள். இறந்துபோன உம்மாவின் நாற்பதாம் நாள் கத்தம் அன்று மருதமுனையில். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குர்ஆனின் முப்பது பாகங்களைப் பங்கிட்டு, மஃரிப் தொழுகைக்கு முன் ஓதி முடிக்க வேண்டும். தம்பியின் பங்கு மட்டும் மிச்சம்; அதைப் பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெவ்வையிடம் விட நினைத்திருந்தான்.

"லெவ்வை கெதியா ஓதிடுவாரு ராத்தா. எனக்குக் கடையில நேரமில்ல."

"தறி மிதிச்சிக்கிட்டே நம்ம அஞ்சு பேருக்கும் ஓதப் படிச்சிக் குடுத்தாவே, அவக்கு நேரம் இருந்திச்சா?"

அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். நிந்தவூர் தாண்டியதும் சொன்னான்:

"எனக்கு அரபு எழுத்தெல்லாம் மறந்து போச்சு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யா அல்லாஹ்! அறுபது வயசில உம்மா ஓதுற பிழை திருத்த வகுப்புக்குப் போனா. படிச்சிக் குடுத்தது பேத்தி வயசுப் புள்ள. நாப்பத்தஞ்சில உனக்கென்ன வெக்கம்? போன்ல குர்ஆனை எடு, ஓது."

ஓதினான். சொல்லுக்குச் சொல் நிறுத்தித் திருத்தினாள்.

கல்முனையில் எல்லோரும் இறங்கினோம். அவர்கள் எழும்பவில்லை. கண்டக்டர் சத்தம் போட்டார்.

"கொஞ்சம் பொறுங்க!" என்று அவள் அவரிடமும் கத்தினாள். "இவன் இன்னும் முதல் பக்கமே முடிக்கல்ல!"