போக வேண்டாம்: ஒரு ஓட்டு

— இதுல ஓட்டு எப்படிப் போடுறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடேன்.

— எதுல?

— ஃபோன்ல ஒரு மன்றம் இருக்குல்ல... ஆளாளுக்கு ஒரு கேள்வி கேட்டு, கீழ ரெண்டு மூணு பதில் வச்சிருப்பாங்களே.

— அதுல உங்களுக்கென்ன வேலை? நாள் பூரா லிஃப்டுக்கு அடியில கெடக்குற ஆளு.

— லிஃப்ட் மெக்கானிக்னா கருத்து இருக்கக் கூடாதா?

— தாராளமா இருக்கட்டும். அது ஞாயித்துக்கெழமை சாயங்காலம், நான் துணி மடிக்கிறப்ப வந்து ஏன் நிக்குதுன்னுதான் பாக்குறேன்.

— ஆறு மணியோட ஓட்டெடுப்பு முடியுதாம். இப்பவே அஞ்சரை.

— சரி, உக்காருங்க. மடிச்சது மேல இல்ல... அந்தப் பக்கம். என்ன கேள்வி, படிங்க.

— யாரோ ஒரு அம்மா. 'ஜன்னலோரம்'னு பேரு வச்சிருக்கு.

— ம்... படிங்க.

— 'பதினோரு வருடமாக ஒரே கடையில் வேலை செய்கிறேன். வெளியூரில் புதிதாகத் திறக்கும் கிளைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போகச் சொல்கிறார்கள். இரண்டு வருடம். மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வரலாம். திங்கட்கிழமை காலையில் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். இரண்டு வாரம் ஆகிறது. நான் போகலாமா, வேண்டாமா?'

— பாவம்.

— யாரு?

— அந்தம்மாதான். வேற யாரு?

— 'பாக்கலாம்'னு சொல்றது அவ்வளவு பெரிய குத்தமா?

— ரெண்டு வாரமா என்னத்தப் பாத்துட்டு இருக்காராம்?

— அவனுக்கு வேலை தலைக்கு மேல இருக்கும். ஆற அமர யோசிக்க வேண்டாமா...

— நீங்க எதுக்கு வக்காலத்து வாங்குறீங்க? தெரிஞ்சவரா?

— சேச்சே. யாரோ, எவரோ.

— அதானே. ஃபோனைக் குடுங்க. மொதல்ல ஒரு பேரு வச்சு உறுப்பினராச் சேரணும்.

— அதெல்லாம் இருக்கட்டும், நேரா ஓட்டுக்குப் போ.

— பேரில்லாம போட முடியாதுங்க. ...இதென்ன, மூலையில 'திருப்புளி'ன்னு இருக்கு?

— அது... கூட வேலை பாக்குறானே ஒல்லி, அவன் சேத்து விட்டான்.

— அப்படியே ஓட்டுப் போடவும் சொல்லிக் குடுத்திருப்பாரே.

— அவனுக்கே அரைகுறை.

— சரி, மொதல்ல வேற ஒண்ணுல பழகுங்க. இந்தாங்க, 'துவைத்த சட்டையை உள்பக்கம் திருப்பிக் காயப் போடுவீர்களா?' ஆமாம், இல்லை, தெரியாது.

— தெரியாது.

— அது எனக்குத் தெரியும். அந்த வட்டத்தைத் தொடுங்க. மெதுவா... ஸ்பானர் பிடிக்கிற மாதிரி அழுத்த வேண்டாம். இப்பக் கீழ 'பதிவு செய்'.

— ஆச்சு. அட, நம்பரெல்லாம் வருது.

— ஓட்டுப் போட்டாத்தான் வரும். போடாதவங்களுக்கு எதுக்கு எத்தனைன்னு காட்டாது.

— ஓஹோ.

— இப்ப அந்தம்மா கேள்விக்கு வாங்க. 'போகலாம்' இருநூத்துப் பதினொண்ணு. 'போக வேண்டாம்' ஒண்ணு.

— ஒண்ணேதானா?

— ஒண்ணேதான். ...ஏங்க, இதுக்கு இன்னும் ஓட்டே போடலையே, உங்க ஃபோன்ல எப்படி நம்பர் தெரியுது?

— கை... கை தவறிப் பட்டிருக்கும்.

— ரெண்டு தடவையா? வட்டத்துல ஒரு தடவை, பதிவுல ஒரு தடவை.

— யாரு எதுக்குப் போட்டாங்கன்னு வெளிய தெரியாதுல்ல?

— நம்பரைத் தொட்டா பேரு வரும்.

— வருமா? ரகசியம்னு ஒல்லி சத்தியம் பண்ணானே.

— கேள்வி போடுறவங்க இஷ்டம் அது. இந்தம்மா பேரு தெரியிற மாதிரி வச்சிருக்கு. தொட்டுக் காட்டட்டுமா?

— வேண்டாம், வேண்டாம். ...இருநூத்துப் பதினொரு பேர் போன்னு சொல்லிட்டாங்க. எவனோ ஒருத்தன் வேண்டாங்கறான். அதையா ஒரு பெரிய விஷயமாப் பாக்கப்போகுது?

— அதை மட்டும்தாங்க பாத்துட்டு இருக்கும். எதுக்காம் வேண்டாம்?

— வியாழக்கெழமை மெஷின் ரூம்ல உக்காந்து படிச்சேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பூட்டுதான் தொங்கும். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு யார்கிட்ட சொல்றது... பட்டுனு அமுக்கிட்டேன்.

— அவ்வளவுதான் காரணமா?

— அவ்வளவுதான். கொஞ்சம் கௌரவமா வேற காரணம் கெடைக்குமான்னு மூணு நாளாத் தேடுறேன். ஒண்ணும் சிக்கல.

— நீங்க சொல்றது அந்த மனுஷன் கதைதானே?

— அவன் கதைதான்... போட்ட ஓட்டை மாத்த முடியுமா? அதைக் கேக்கத்தான் வந்தேன்.

— ஆறு மணி வரைக்கும் மாத்தலாம். கீழ சின்னதா 'மாற்று'ன்னு இருக்கு பாருங்க.

— நீயே அமுக்கிடேன்.

— மாட்டேன். உங்க ஓட்டு, நீங்கதான்.

— பயமா இருக்கு.

— பதினெட்டாவது மாடியில தொங்குறப்ப வராத பயமா?

— அங்க பெல்ட் இருக்கும். ...இந்தா. இருநூத்துப் பன்னெண்டு. வேண்டாம்னு ஒருத்தருமில்ல.

— மனசாரத்தான் போட்டீங்களா?

— இல்ல. மனசு இப்பவும் வேண்டாம்னுதான் அடம் பிடிக்குது. அது கெடக்கட்டும் கழுதை. அந்தம்மாவுக்குப் போகணும்னு எவ்வளவு ஆசைன்னு எழுத்துலயே தெரியுது. பதினோரு வருஷமா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விட்டுட்டு, அதே எடத்துல நிக்குது.

— கண்ணாடிக் கடைன்னு அதுல எழுதவே இல்லையே.

— ...இல்லையா?

— இல்ல.

— ...இப்பவாவது போகும்ல, அந்தம்மா?

— 'திருப்புளி'ன்னு அந்த ஒரு ஓட்டு விழுந்த வியாழக்கெழமையே, 'என்னால் வர இயலாது'ன்னு கடைக்கு எழுதி வச்சுட்டேன்... அனுப்ப மட்டும் கை வரல. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அதை அழிச்சுட்டு வேற எழுதணும்.