தானாக விலகினார்

வெள்ளைக்காரன் விமானம் பாலத்துக்கு மேலே வருகிறது. "படுங்கோ! எல்லாரும் நிலத்தில படுங்கோ!" என்று கத்துகிறேன். காலை ஏழு மணி. முதல் குண்டு ஆற்றில். இரண்டாவது எங்கள் மூங்கில் கொட்டகையில். பக்கத்தில் படுத்த மாரிமுத்து எழும்பவில்லை.

இது சயாம், இன்றைய தாய்லாந்து. உலகப் போர் நடுவில் ஜப்பான்காரன் ரயில் பாதை போட எங்களைக் கொண்டுபோன காடு. அதற்கு முன் நான் மலாயாவில் ரப்பர்த் தோட்டமொன்றில் கிராணி, அதாவது எழுத்தர். விடியற்காலையில் பெயர்ப் புத்தகத்தை வாசித்து ஆள் சரிபார்ப்பது என் வேலை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது அந்தப் புத்தகத்தை அப்படியே விட்டுப்போனார். ஜப்பான்காரன் அதை வைத்துத்தான் ஆள் பிடித்தான். வாசித்தது நான். வழக்கம்போல "இருக்கேங்க" என்று ஒவ்வொருவராக முன்னே வந்தார்கள். லொறியில் ஏற்றினான். அங்கேயும் பெயர் வாசிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றினான்.

சண்டை முடிந்தது. துரை திரும்பி வந்தார். அதே புத்தகம். வராதவர்களின் பெயருக்கு நேரே 'தானாக விலகினார்' என்று எழுதச் சொன்னார். செத்தவன் என்றால் மனைவியைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் இருக்க விடவேண்டும். விலகியவன் என்றால் வெளியே அனுப்பலாம். எனக்கு வேலை போய்விடுமென்று பயம். எழுதினேன். மாரிமுத்துவின் மனைவி அஞ்சலை நான் எழுதிக்கொண்டிருந்த கந்தோர் வாசலில் நின்றாள். "கிராணி ஐயா, நீங்க கூடத்தானே இருந்தீங்க? அவரு எங்க?" நான் தலை நிமிராமல் அடுத்த பெயருக்கு நேரே எழுதினேன். மறுநாள் அவள் வீடு காலி.

2009. லண்டன். எனக்கு எண்பத்தெட்டு வயது. அந்தத் தோட்டத்துக் கம்பனி தன் பழம்பெருமையைக் கண்காட்சியாக வைத்திருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் லூயிஷாமிலிருந்து மகளோடு ரயிலில் வந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் புத்தகம், அந்தப் பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது. எவ்வளவு அழகான கையெழுத்து என்கிறாள் அங்கே நிற்கும் வெள்ளைக்காரப் பெண். சுவரில் போரைப் பற்றி ஒரே வரி: தொழிலாளர் பலர் தாமாக விலகினர். நான் எழுதிய பொய். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"பிள்ளை, இது என்ரை எழுத்து. இவையள் ஒருத்தரும் விலகேல்லை. செத்தவை. அவளிட்டைச் சொல்லு."

"இப்ப ஏனப்பா உதெல்லாம்? வாங்கோ, போவம்."

நான் போகவில்லை. வாசலில் பார்வையாளர் கருத்து எழுதும் புத்தகம் இருந்தது. அதில் எழுதினேன்.

லொறியில் போனவர்கள் அறுபத்திரண்டு. திரும்பியவர்கள் ஒன்பது. செத்தவர்கள் ஐம்பத்து மூன்று. தானாக விலகியவர் எவருமில்லை. பெயர் வாசித்தவன் நான். பொய் எழுதியவனும் நான்.

அஞ்சலையை எந்தக் கணக்கில் எழுதுவதென்று தெரியவில்லை. அவள் எங்கே போனாள் என்று நான் ஒருநாளும் விசாரிக்கவில்லை.